தூரம் யார் வைத்த அளவு? ஏரிக்கரை இருளர் பிள்ளைகளும் வானத்திலிருந்து வரும் பாடங்களும்

1

'தொலைதூரப் பழங்குடி மாணவர்களுக்கு இணையவழிக் கல்வி' என்கிற சொற்றொடர் அரசு அறிக்கைகளிலும் தொண்டு நிறுவனங்களின் திட்ட வரைவுகளிலும் இன்று சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. கேட்கும்போது நல்ல காரியமாகத்தான் படுகிறது. யார் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்? மலை உச்சியில் ஒரு பிள்ளை இருக்கிறது, பள்ளிக்கூடம் கீழே இருக்கிறது, நடுவில் கிடக்கும் பள்ளத்தைக் கம்பியாலோ அலைவரிசையாலோ நிரப்பிவிட்டால் கதை முடிந்தது. இந்தச் சொல்லாடலுக்குள் யாரும் கேள்வி கேட்காமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் சொல் ஒன்று உண்டு. அது 'தொலைதூரம்'. எங்கிருந்து தூரம்? அளவுகோலின் பூஜ்யத்தை எந்த இடத்தில் வைத்து அளந்தார்கள்? தூரம் என்பது இயற்கை கொடுத்ததா, மனிதர்கள் உண்டாக்கியதா? கல்வித் தொழில்நுட்பத்தின் வரலாற்றை இந்தக் கேள்விகளோடு திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

நம்முடைய மரபிலேயே தொலைக்கல்வி மாணவன் ஒருவன் இருக்கிறான், ஏகலைவன். களிமண்ணால் குருவின் உருவத்தைச் செய்து வைத்து, அந்த உருவத்தின் முன்னால் வில் பழகினான். குரு அங்கே இல்லை, குருவின் சாயல்தான் இருந்தது. இன்றைய மொழியில் சொன்னால் மெய்நிகர் வகுப்பு. இந்தக் கதையைக் கட்டைவிரல் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். அதற்கு முன்னால் நடந்ததைக் கவனித்தால் வேறொன்று தெரியும். ஏகலைவன் தூரத்தில் இருந்ததால் தனியாகக் கற்கப் போகவில்லை. அவன் துரோணரிடம் நேரிலேயே வந்து நின்றான். நிஷாதன் மகன் என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை. மறுப்பு முதலில் வந்தது, தூரம் அதற்குப் பிறகு வந்தது. காட்டில் இருந்த களிமண் உருவம் அந்த மறுப்பின் விளைவு. 1997-98லிருந்து ஒன்றிய அரசு பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டம் குமிழியிலும் அப்படி ஒரு பள்ளி உண்டு. துரோணர் பெயரில் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு விருது கொடுக்கும் அதே அரசுதான் இதையும் வைத்தது. பெயர் வைத்தவர்கள் கதையை எந்த இடம்வரை படித்தார்கள் என்று தெரியவில்லை.

மறுப்புதான் தூரத்தை உற்பத்தி செய்கிறது என்பது நமது வாதம். அதைச் சோதித்துப் பார்க்க மலைக்கோ காட்டுக்கோ போக வேண்டியதில்லை. திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழில் வழித்தடம் போதும்.

2

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் 40 கிலோமீட்டர் வந்தால் திருப்பெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி, ரகசியமாகச் சொல்லப்பட்ட மந்திரத்தை ஊருக்கே கேட்கும்படி சொன்னார் என்று அவரைப் பற்றி ஒரு ஐதீகம் உண்டு. கணினியையும் தொலைபேசியையும் நாட்டின் எதிர்காலமாகப் பேசிய முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று கொல்லப்பட்டதும் இதே ஊரில்தான். அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் ஊரின் முகம் மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006ல் நோக்கியா வந்தது, 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போனது. டெல் மடிக்கணினியும் சாம்சங் தொலைக்காட்சியும் இங்கே உருவாகின. ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. ஒரகடத்தில் ரெனால்ட் நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. மெய்நிகர் கல்விக்கு என்னென்ன கருவி வேண்டுமோ, கைப்பேசி, கணினி, திரை, அத்தனையும் இந்த மண்ணில்தான் பூட்டப்பட்டுப் பெட்டியில் அடைக்கப்படுகின்றன.

இதே மண்ணில், ஏரிக்கரைகளிலும் புறம்போக்கிலும் சூளை ஓரங்களிலும் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. பத்து வீடு, பதினைந்து வீடு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர் தொகை 1,89,661. 'குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள்' என்று ஒன்றிய அரசு தமிழ்நாட்டில் பட்டியலிட்டிருக்கும் ஆறு சமூகங்களில் ஒன்று. இவர்கள் எங்கிருந்து தூரம்? நெடுஞ்சாலையிலிருந்தா? தொழிற்சாலை மதிலிலிருந்தா? கல்வி உரிமைச் சட்டம் (2009) தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப்பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்தது. இந்தக் கணக்கில் பார்த்தால் வழித்தடத்து இருளர் பிள்ளைகளில் பலரை 'தொலைதூரம்' என்று சொல்லவே முடியாது. அவர்கள் கிட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் பழங்குடியினரின் எழுத்தறிவு விகிதம் 2011ல் தமிழ்நாட்டில் 54.3 சதவீதம், மாநிலம் முழுக்க 80 சதவீதம். இடையில் உள்ள 26 புள்ளியைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது.

வேறு எதில் அளப்பது? காகிதத்தில் அளக்கலாம். எட்கர் தர்ஸ்டன் 1909ல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் எழுதி அடுக்கினார். மண்டையையும் மூக்கையும் அளந்து மனிதர்களை வகைப்படுத்திய காலம் அது. இருளர் அந்தப் பக்கங்களில் பார்க்கப்படும் பொருளாக நுழைந்தார்கள். காலனிய ஆவணத்தில் அவர்களைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. சுதந்திர அரசின் ஆவணத்தில் அவர்களாக வந்து நுழைவதுதான் கஷ்டமாகிவிட்டது. பழங்குடிச் சாதிச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் 1989 நவம்பரில் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்குப் போனது. போலிச் சான்றிதழைத் தடுக்கிறோம் என்றார்கள். உண்மையில் ஏரிக்கரையிலிருந்து கிளம்புகிற ஆளுக்கு அலுவலகம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. "அப்பாவுக்குச் சர்டிபிகேட் இருக்கா, கொண்டா" என்பார்கள். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளை ஏன் இங்கே வந்து நிற்கப்போகிறது?

நிலமும் இப்படித்தான். 'புறம்போக்கு' என்பது வரி வசூல் செய்ய முடியாத நிலத்துக்கு ஆட்சியாளர்கள் போட்ட கணக்குப் பெயர். அங்கே குடியிருக்கிறவர் கணக்குக்கு வெளியே இருக்கிறார். தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கத் தமிழக அரசு 1997ல் தனியாகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. பட்டா உள்ளவருக்கு இழப்பீடு உண்டு. பட்டா இல்லாதவருக்கு இழப்பீடும் இல்லை, இழந்தவர் என்கிற அடையாளமும் இல்லை. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தபோது, போக இடமில்லாமல் ஏரிக்கரைக்கு ஒதுங்கியவர்களே 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார்கள். பட்டா இல்லையென்றால் வீட்டு எண் இல்லை, மின் இணைப்பு இல்லை, குடும்ப அட்டை கிடைப்பது குதிரைக் கொம்பு. தூரம் உற்பத்தியாகும் முறை இதுதான்.

3

இனி வானத்தைப் பார்ப்போம். தூரத்துப் பிள்ளைகளுக்குப் பாடத்தை வானத்திலிருந்து இறக்கலாம் என்ற கனவு இந்தியாவில் 2020ல் பிறந்ததில்லை. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் அனுப்பினார்கள். 'சைட்' என்று அழைக்கப்பட்ட சோதனை அது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. ஓராண்டு முடிந்ததும் நாசா செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டு போய்விட்டது, பாடமும் நின்றுபோனது. கருவி யாருடையதோ காலமும் அவருடையது என்பது முதல் சோதனையிலேயே தெரிந்துபோன விஷயம். அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் வேறொரு முயற்சி நடந்தது. உள்ளூரில் சின்ன ஒளிபரப்புக் கருவி. கிராமத்து ஆட்களே நடித்து, பேசி, கூலிப் பிரச்சினையையும் சாதிக் கொடுமையையும் நிகழ்ச்சியாக்கினார்கள். 1984ல் யுனெஸ்கோ அதற்குப் பரிசு கொடுத்தது. ஆனால் நாடு முழுக்கப் பரவியது கேடாவின் மாதிரி அல்ல, மேலிருந்து கீழே கொட்டும் மாதிரிதான்.

பிறகு 2004 செப்டம்பர் 20. கல்விக்கென்றே தயாரித்த 'எஜுசாட்' ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. பத்திரிகைகள் கொண்டாடின. ஏவுதளம் இருக்கும் அந்தத் தீவில் யார் இருந்தார்கள் என்பதை யாரும் அதிகம் எழுதவில்லை. அது யானாதிகளின் இடம். வாழ்க்கை முறையில் நமது வடமாவட்ட இருளர்களுக்கு மிக நெருக்கமான பழங்குடி: மீன், நண்டு, காட்டுக் கிழங்கு, மூலிகை, பாம்பு. 1969ல் ஏவுதளத்துக்காகத் தீவு தேர்வானது, குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். பழங்குடிப் பிள்ளைகளுக்கும் பாடம் சுமந்து செல்லும் விண்கலம் பழங்குடிகளை வெளியேற்றிய நிலத்திலிருந்து கிளம்புகிறது. இதை யாரோ போட்ட சதித் திட்டம் என்று சொல்ல வரவில்லை. வளர்ச்சி என்னும் பெருங்கதையாடல் ஒரு கையால் தூரத்தை உண்டாக்குகிறது, மறுகையால் அந்தத் தூரத்தைக் கடக்கப் பாலம் கட்டித் தருகிறது. பாலத்துக்கு நன்றி சொல்லும்போது பள்ளம் தோண்டிய கதை மறந்துபோகிறது.

தமிழகத்தில் திரைகள் வேறு வழியாக வந்தன. 2006ல் இலவச வண்ணத் தொலைக்காட்சி; ஒன்றரைக் கோடிக்கும் மேல் வழங்கினார்கள். 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினி. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. இவற்றைக் கேலி செய்வது நமது நோக்கமில்லை. ஏழை வீட்டுக்குள் திரை வந்ததை 'இலவசம்' என்று முகம் சுளித்த நடுத்தர வர்க்க விமர்சனத்தில் நமக்கு உடன்பாடு கிடையாது. கேட்க வேண்டியது வேறு. தொலைக்காட்சிக்குக் குடும்ப அட்டை வேண்டும், ஓட மின்சாரம் வேண்டும். மடிக்கணினி மேல்நிலை வகுப்புவரை வந்து சேர்ந்தவருக்குத்தான். ஒவ்வொரு திட்டமும் ஏதோவொரு படியில் நின்றுகொண்டு கை நீட்டுகிறது. அந்தப் படிக்குக் கீழே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோபுரத்தின் மேலே நின்று எல்லோருக்கும் மந்திரத்தைச் சொல்லலாம்தான். கோபுரத்தடியில் வந்து நிற்க யாருக்கு அனுமதி இருந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

4

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை மே 8 அன்று மறுபடி ஓடத் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை பள்ளிக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1. ஆலைக்கு ஏழு வாரம்கூட ஆகவில்லை, தொடக்கப்பள்ளிக்கு 19 மாதம். எது அத்தியாவசியம் என்பதை ஒரு சமூகம் வாயால் சொல்வது ஒன்று, தேதியால் சொல்வது இன்னொன்று.

அந்த 19 மாதமும் "செல்லுல கிளாஸு" என்றார்கள். தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்கில் இந்தியக் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி 14.9 சதவீதம், கணினி 4.4 சதவீதம். 2020 'அசர்' ஆய்வின்படி பள்ளியில் சேர்ந்த கிராமப்புறப் பிள்ளைகளின் வீடுகளில் 61.8 சதவீதத்தில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2018ல் 36.5 ஆக இருந்தது இரண்டே ஆண்டில் இவ்வளவு ஏறியிருக்கிறது. இதைச் சாதனை என்று படிப்பவர்கள் உண்டு. பள்ளியில் சேராத பிள்ளையின் வீடு இந்தக் கணக்கிலேயே வராது என்பதையும், போன் இருந்தாலும் அது வேலைக்குப் போகிற அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிள்ளை வீடு திரும்பும் போனுக்காகக் காத்திருக்கிறது. போன் வரும்போது வகுப்பு முடிந்திருக்கும், சார்ஜும் முடிந்திருக்கும்.

இருளர் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பொங்கல் முடிந்தால் குடும்பம் சூளைக்குக் கிளம்பும். இல்லையென்றால் அரிசி ஆலை, மரம் வெட்டு. வாங்கிய முன்பணம் கழியும்வரை அங்கேதான் இருப்பு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழும் படம் நாடெங்கும் பரவியது. 43 வருஷச் சட்டத்துக்குப் பிறகு வந்த படம் அது. இந்த உலகத்தில் பள்ளிக்கூடம் என்பது பாடம் மட்டுமல்ல. பிள்ளை காலையில் போய் உட்காரும் ஒரு இடம். சூளை அல்லாத ஒரு இடம். மதியம் சாப்பாடு. 'வரவில்லை' என்று பேர் சொல்லித் தேட ஒரு வாத்தியார். திரை பாடத்தை அனுப்பும். பிள்ளை வரவில்லை என்று தேடிக்கொண்டு ஏரிக்கரைக்கு வராது.

தமிழக அரசே இதை ஒருவகையில் ஒத்துக்கொண்டது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. உள்ளூர்த் தன்னார்வலர், பெரும்பாலும் படித்த பெண்கள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வீட்டருகே சொல்லிக் கொடுப்பது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 19,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆய்வு (2022), பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தத் திட்டத்தால் என்றும் சொல்கிறது. மீட்டது அலைவரிசையல்ல. பக்கத்துத் தெரு அக்கா. ஆனால் அந்த அக்கா ஊர்த்தெருவில் உட்கார்ந்தால் இருளர் பிள்ளை அங்கே போய் உட்கார முடியுமா? "ஏன் அங்க போய் ஒட்டிக்கிற" என்று ஒரு குரல் வந்தால் போதும், 500 மீட்டர் 50 கிலோமீட்டர் ஆகிவிடும்.

5

இது நம் ஊர் விசேஷமல்ல. 1951 ஜூனில் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 'வானொலிப் பள்ளி' தொடங்கியது. பறக்கும் மருத்துவர்களின் ரேடியோவை வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி மாட்டுப் பண்ணைகளில் இருந்த பிள்ளைகளுக்குப் பாடம். உலகத் தொலைக்கல்வி வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படும் தொடக்கம். அது முதன்மையாக வெள்ளைப் பண்ணையாளர் பிள்ளைகளுக்கானது. அதே பாலைவெளியில், அதே ஆண்டுகளில், அரசும் மிஷன்களும் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி விடுதிகளில் அடைத்துக்கொண்டிருந்தன. 1997ல் வந்த விசாரணை அறிக்கை அதை உலகுக்குச் சொன்னது. ஒரே தூரம், ஒருவருக்கு வீட்டுக்குக் குரல் வந்தது, இன்னொருவர் வீட்டிலிருந்து பிள்ளை போனது.

மறுபக்கமும் உண்டு. கனடாவின் ஒண்டாரியோ வடக்கில், சாலையே இல்லாத பூர்வகுடி ஊர்கள். உயர்நிலைப் படிப்புக்குப் பிள்ளைகள் தண்டர் பே நகரத்துக்கு விமானம் ஏறிப் போக வேண்டும். 2000க்கும் 2011க்கும் இடையில் அப்படிப் போன ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். 2016ல் விசாரணை முடிந்தது. கீவேட்டினூக் ஒகிமாகனக் என்ற பூர்வகுடிகளின் கூட்டவை 2000 வாக்கில் தாங்களே ஒரு இணைய உயர்நிலைப்பள்ளியைத் தொடங்கியது. இதில் இரண்டு விஷயம் முக்கியம். வலைப்பின்னல் அவர்களுடையது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வகுப்பறையும் அதில் ஆளாக ஓர் ஆசிரியரும் இருந்தார். ஆசிரியருக்குப் பதிலாகத் திரையைக் கொண்டுவரவில்லை. ஊருக்கு வந்த ஆசிரியருக்குக் கூடுதலாகத் திரையைச் சேர்த்துக்கொண்டார்கள். தொழில்நுட்பம் கெட்டது என்ற பழைய காந்தியப் புலம்பல் நமக்குத் தேவையில்லை. கம்பி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

6

கம்பியில் எந்தத் திசையில் அறிவு ஓடுகிறது என்பது அடுத்த கேள்வி. 'தொலைதூர மாணவர்' என்ற சொல் அந்தப் பக்கம் இருப்பவரைக் காலிப் பாத்திரமாக நினைக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டமும் 1976ல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இருளர் பிழைப்பை ஒரே அடியில் குற்றமாக்கின. 1978ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் அந்தச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலிருந்தும் எடுக்கும் விஷமே இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கான மூலப்பொருளில் பெரும்பகுதி. 2017ல் இருளர் இருவர், வடிவேல் கோபால், மாசி சடையன், அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூட நடந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. மண்ணில் விழுந்த தடத்தைப் படிக்கிற கல்வி அது. அப்பா அம்மா பின்னால் நடந்து கற்றது. எந்தத் திரையிலும் ஓடாத பாடம். இந்த அறிவின் வாரிசான பிள்ளையைத்தான் வருகைப் பதிவேடு 'இடைநின்றவர்' என்று எழுதி மூடுகிறது.

அவர்களுக்கு வலைப்பின்னல் தெரியாது என்றும் இல்லை. மாசிமகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் பல மாவட்ட இருளர்கள் கூடுகிறார்கள். கன்னியம்மனுக்குப் படையல், பெண் பார்ப்பது, கல்யாணம், எந்த ஊரில் வேலை, எந்த முதலாளி மோசம் என்கிற சேதி. இவான் இல்லிச் 1971ல் பள்ளியைக் கலைத்துவிட்டுக் 'கற்றல் வலை'களைப் பின்னலாம் என்று எழுதியபோது இப்படி ஏதோவொன்றைத்தான் தேடியிருப்பார். ஆனால் இல்லிச்சை இங்கே அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. பள்ளியே கிடைக்காதவரிடம் போய்ப் பள்ளியைக் கலை என்று சொல்வது, பட்டா இல்லாதவரிடம் சொத்தைத் துற என்று சொல்வதற்குச் சமம்.

எனவே கோரிக்கைகளை வரிசையாக வைப்போம். 1990களில் திண்டிவனத்தைச் சுற்றிப் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் சாதிச் சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்கும் காவல்துறைக் கொடுமைக்கு எதிராகவும் நடத்திய போராட்டங்களைப் பலரும் 'கல்விப் பணி' என்று நினைப்பதில்லை. அதுதான் முதல் கல்விப் பணி. பட்டா, அதன் பின்னால் மின்சாரம், அட்டை, சான்றிதழ். சூளைக்குப் போகும் பிள்ளையின் பேர் அந்தச் சூளைக்குப் பக்கத்துப் பள்ளிக்கே மாறிப்போகும் ஏற்பாடு. குடியிருப்புக்குள்ளேயே மாலை வகுப்பு, அதற்கு இருளர் சமூகத்திலிருந்தே படித்து வந்தவருக்குத் தன்னார்வலர் தொகையல்ல, மாதச் சம்பளம். இதெல்லாம் இருக்கிற இடத்துக்குத் திரை வரட்டும், தாராளமாக வரட்டும். பக்கத்து ஆலையில் செய்ததாகவே இருக்கட்டும்.

வழித்தடத்தின் ஆலைகள் பிளஸ் டூவும் ஐடிஐயும் முடித்தவர்களை எடுக்கின்றன. ஏரிக்கரையிலிருந்து அந்த வாசலுக்குப் பத்து நிமிட நடை. நடுவில் கிடப்பது நிலம் அல்ல. கோட்டாட்சியர் கையெழுத்து, சூளை முன்பணம், வகுப்பறையில் ஒரு கடைசி பெஞ்சு. இதை அப்படியே வைத்துக்கொண்டு 'தொலைதூர மாணவர்' என்று பேசுவது துரோணரை விட்டுவிட்டு களிமண்ணைப் பற்றிப் பேசுவதாகும்.